இப்போது எழுதி, காலையில் அனுப்ப: எந்த வழி யாருக்கு?

இரவு பதினொன்றே காலுக்குத்தான் எனக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாளைக்கு வகுப்பு அரை மணி தள்ளிப் போகிறது என்று சொல்லவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மாவிடம் இரண்டு மாத ஃபீஸ் பற்றிக் கேட்கவில்லை. நாளை மறுநாள் அக்காவுக்குப் பிறந்தநாள். பாத்திரம் கழுவி, அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு ஃபோனைக் கையில் எடுக்கும் அந்த நேரத்தில் செய்தி அனுப்பினால், அந்தப் பக்கம் தூங்குகிறவர் பதறி எழுந்திருப்பார். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் சத்தம் கேட்டால் நம் வீடுகளில் முதலில் வருவது நல்ல நினைப்பு இல்லை. சரி, காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று படுத்தால், காலையில் இட்லித் தட்டோடு சேர்ந்து அதுவும் ஆவியாகிவிடும்.

தாம்பரம் பக்கம் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். 23 பிள்ளைகள். பெற்றோரில் பெரும்பாலோர் வாட்ஸ்அப். ஐந்தாறு வீடுகளில் இன்னும் பட்டன் ஃபோன்தான். ஒரு பையனின் அப்பா ஷார்ஜாவில் இருக்கிறார். அக்கா டொராண்டோவில். இத்தனை பேருக்கும் "இப்போதே எழுதிவிடுவேன், நேரம் வந்ததும் தானாகப் போகட்டும்" என்று ஏற்பாடு செய்ய, கடந்த இரண்டு வருடத்தில் கைக்குக் கிடைத்த வழியையெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. எது நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: அனுப்ப வேண்டிய நேரம் வரும்வரை அந்தச் செய்தி எங்கே உட்கார்ந்திருக்கும்?

உங்கள் ஃபோனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், அந்த நேரத்தில் ஃபோன் உயிரோடு இருக்க வேண்டும். சார்ஜ் வேண்டும், டவர் வேண்டும், ரீசார்ஜ் முடிந்திருக்கக் கூடாது. செயலி நடத்தும் நிறுவனத்தின் சர்வரில் உட்கார்ந்திருந்தால், உங்கள் ஃபோன் கிணற்றில் விழுந்தாலும் செய்தி போய்விடும். மெனுவில் இரண்டும் ஒரே மாதிரி "ஷெட்யூல்" என்றுதான் எழுதியிருக்கும். வித்தியாசம் தெரிவது கைவிட்ட அன்றைக்குத்தான்.

ஃபோனுக்குள் காத்திருக்கும் எஸ்எம்எஸ்

ஆண்ட்ராய்டு ஃபோனில் கூகுள் மெசேஜஸ் இருந்தால், 2021இலிருந்து இந்த வசதி அதிலேயே இருக்கிறது. தனியாக எதுவும் இறக்க வேண்டாம். செய்தியை எழுதிவிட்டு, அனுப்பும் அம்புக்குறியைத் தட்டாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு சின்னப் பட்டியல் எழும்பும்: நாளைக் காலை, இன்று மாலை என்று அதுவே இரண்டு மூன்று நேரம் காட்டும். கடைசியில் நாமே தேதியும் மணியும் வைத்துக்கொள்ளலாம். வைத்ததும் செய்தியின் பக்கத்தில் ஒரு கடிகாரப் படம் வந்து உட்காரும். மனம் மாறினால் அந்தக் கடிகாரத்தைத் தட்டினால் போதும்: திருத்தலாம், இப்போதே அனுப்பலாம், அழித்தும் விடலாம். சாம்சங்கின் சொந்த மெசேஜஸ் செயலியிலும் இது உண்டு. அங்கே ப்ளஸ் குறிக்குள் ஒளிந்திருக்கும்.

பட்டன் ஃபோன் வீடுகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. போய்ச் சேரும் பக்கத்தில் இன்டர்நெட் வேண்டாம், செயலி வேண்டாம். அவர்கள் ஃபோன் அணைந்திருந்தாலும் கவலை இல்லை. எஸ்எம்எஸ் முதலில் கம்பெனியின் எஸ்எம்எஸ் மையத்துக்குப் போய் அங்கே தங்கும். அந்த ஃபோன் உயிர் பெற்றதும் கொண்டு போய்ச் சேர்க்கும். ஆக, பெறுகிறவர் ஃபோன் அணைந்திருந்தால் தாமதம், அனுப்புகிறவர் ஃபோன் அணைந்திருந்தால் ஒன்றும் நடக்காது. இந்த ஓரவஞ்சனை பலருக்குப் புரிவதில்லை. "ஷெட்யூல் பண்ணிட்டேனே, கம்பெனி பாத்துக்கும்" என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கம்பெனிக்கு அப்படி ஒரு செய்தி இருப்பதே தெரியாது. என் ஃபோன்தான் ஏழு மணிக்கு எழுந்து, அப்போதுதான் எழுதியது போல அதை அனுப்புகிறது.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் போகவேண்டிய எஸ்எம்எஸ் எதுவும் போகவில்லை. பார்த்தால், 28 நாள் பேக் முந்தின நாள் ராத்திரியோடு முடிந்திருந்தது. வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டே இருந்ததால் எனக்கு உறைக்கவே இல்லை. கடிகாரப் படம் இருந்த இடத்தில் சிவப்பு எழுத்து. தப்பு முழுக்க என் மேல்தான், ஆனால் எழுதும்போதே எந்த ஃபோனும் "உன் ரீசார்ஜ் அதற்கு முன்னாலேயே முடிகிறதே" என்று சொல்லப் போவதில்லை. இரண்டு சிம் போட்டிருந்தால் எந்த சிம்மில் போகிறது என்றும் எழுதும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி, ரீஸ்டார்ட். இரவில் அப்டேட் ஆகித் தானாக அணைந்து எழும் ஃபோன், நாம் பின் எண் போட்டுத் திறக்கும்வரை பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். பெரும்பாலான செயலிகள் அதுவரை வேலையைத் தொடங்கா. ஐந்தரை மணிச் செய்தி, நீங்கள் ஏழு மணிக்கு விரல் வைத்த பிறகு போகலாம்.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்ல வேண்டும். கணக்கு டீச்சராக இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம். தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலே அது 70 ஆகிவிடும். அந்த 70உம் நாம் எண்ணுகிற மாதிரி 70 எழுத்து இல்லை. "நாளை வகுப்பு இல்லை" என்பது நம் கண்ணுக்கு 9 எழுத்து, 2 இடைவெளி. ஃபோன் அதை எண்ணுவது 18. "நா" என்றால் ந ஒன்று, கால் ஒன்று. "ப்" என்றால் ப ஒன்று, புள்ளி ஒன்று. நீளமாக எழுதி 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டு ஒவ்வொன்றிலும் 67தான் கிடைக்கும், மிச்சம் அவற்றை ஒட்டவைக்கும் குறிப்புக்குப் போய்விடும். ஆக 150 இடம் பிடிக்கும் ஒரு தமிழ்ச் செய்தி மூன்று எஸ்எம்எஸ். நாளொன்றுக்கு 100 எஸ்எம்எஸ் கொடுக்கும் பேக்கில் இது சீக்கிரம் கரையும். போதாததற்குச் சில பழைய பட்டன் ஃபோன்களில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாக வரும். அந்த வீடுகளுக்கு மட்டும் நான் தங்கிலீஷ்தான். தமிழாசிரியர் நண்பர் ஒருவர் இதற்காக என்னைத் திட்டுவார், திட்டட்டும்.

ஒன்று மட்டும் கூகுள் மெசேஜஸில் கிடையாது: தினமும், வாரமும் என்று திரும்பத் திரும்பப் போகும்படி வைக்க முடியாது. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி ஃபீஸ் ஞாபகம் வேண்டுமென்றால் ஒவ்வொரு மாதமும் புதிதாக வைக்க வேண்டும். திரும்பத் திரும்ப அனுப்பித் தருகிறோம் என்று வரும் வேறு செயலிகள் இருக்கின்றன. ஆனால் 2019இலிருந்து ப்ளே ஸ்டோரில் எஸ்எம்எஸ் அனுமதியை கூகுள் இறுக்கிவிட்டது. ஃபோனின் முதன்மை மெசேஜ் செயலியாக இல்லாதவை, சில விதிவிலக்கு தவிர, அந்த அனுமதியைக் கேட்கவே முடியாது. போதாததற்கு, பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளை ஃபோனே தூங்க வைக்கும். சில கம்பெனி ஃபோன்கள் கொன்றேவிடும். அந்தச் செட்டிங்கையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றும் பொறுமை இருப்பவர்களுக்கு அது சரி. எனக்கு இல்லை.

ஐஃபோன் வைத்திருப்பவர்கள்

2024 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 18இலிருந்து ஐஃபோனில் "சென்ட் லேட்டர்" இருக்கிறது. மெசேஜஸில் ப்ளஸ் குறியைத் தட்டினால் பட்டியலில் வரும். 14 நாள் வரை முன்கூட்டி வைக்கலாம். காத்திருக்கும் செய்தி, புள்ளிக்கோடு போட்ட நீலக் கட்டத்துக்குள் தெரியும். இது ஆப்பிளின் சர்வரில் பூட்டிய நிலையில் காத்திருக்கிறது, அதனால் அந்த நேரத்தில் ஐஃபோன் அணைந்திருந்தாலும் போகும். மேக் கணினியில் சீக்வோயா என்ற இயங்குதளத்துக்கு மாறியிருந்தால் அதிலும் இதையே செய்யலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐமெசேஜுக்கு மட்டும்தான். எதிராளியிடமும் ஆப்பிள் இருக்க வேண்டும். டொராண்டோவில் அக்கா வீட்டில் நான்கு பேரும் ஐஃபோன். அவர்களுக்குள் இது பிரமாதம். அக்கா அம்மாவுக்கு அனுப்பப் பார்த்தால் அந்த மெனுவே வராது, ஏனென்றால் அம்மா கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. ஊரில் பெற்றோருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு டியூஷன் டீச்சருக்கு இந்த வசதி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஐஃபோனிலேயே எஸ்எம்எஸ்ஸும் நேரம் வைத்து அனுப்ப வேண்டுமென்றால் "ஷார்ட்கட்ஸ்" செயலியில் ஆட்டோமேஷன் என்று ஒன்று உண்டு. இந்த மணிக்கு, இவருக்கு, இந்த வாசகம் என்று சொல்லி, "கேட்காமலேயே ஓட்டு" என்று வைத்துவிடலாம். அதில் தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை என்றுதான் இருக்கிறது. "இந்த ஒரு நாள் மட்டும்" என்பது இல்லை. ஒருமுறை அனுப்ப வைத்ததை அழிக்க மறந்தால் அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடி போகும். கிரகப்பிரவேச வாழ்த்து மாதாமாதம் வந்தால் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்!

டெலிகிராம்: நேரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை

என்னைக் கேட்டால், இந்த வேலையை மிக நன்றாகச் செய்வது டெலிகிராம்தான். 2019இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். அனுப்பும் குறியை அழுத்திப் பிடித்தால் நேரம் கேட்கும். கணினியில் என்றால் அதன் மேல் வலது கிளிக். செய்தி சர்வரில் காத்திருக்கும், ஒரு வருடம் வரை முன்கூட்டி வைக்கலாம். குழுவுக்கும் வைக்கலாம், படமும் பிடிஎஃப்பும் சேர்த்து வைக்கலாம். ரகசிய உரையாடலில் மட்டும் கிடையாது.

எனக்குப் பிடித்தது அதிலுள்ள இன்னொரு வழி: மணி எதுவும் குறிக்காமல், "அவர் ஆன்லைன் வரும்போது அனுப்பு". டொராண்டோ நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைக்கிறார்கள், நாம் வைப்பதில்லை. இந்தக் கணக்கில் நான் இரண்டு முறை தடுக்கி விழுந்து, அக்காவை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பியிருக்கிறேன். உண்மையில் எனக்கு வேண்டியது அவள் ஊர் மணி ஏழு என்பதல்ல. அவள் எழுந்து காபி கலந்துகொண்டு ஃபோனைக் கையில் எடுக்கும் நேரம். டெலிகிராம் அதைத்தான் செய்கிறது. அவர் கடைசியாக எப்போது வந்தார் என்பதை உங்களிடம் மறைத்துவைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

குறை என்ன? என் 23 வீடுகளில் டெலிகிராம் இருப்பது நாலு வீட்டில். அதிலும் ஒரு வீட்டில் படம் இறக்க மட்டும். ஆள் இல்லாத ஊரில் டீக்கடை போட்டு என்ன பயன். பெரிய பயிற்சி மையங்கள், டிஎன்பிஎஸ்சி குழுக்கள் எல்லாம் ஏற்கெனவே டெலிகிராமில்தான் இருக்கின்றன. அங்கே நடத்துகிறவர்கள் இரண்டாவது யோசனை செய்யவே வேண்டாம். சிக்னல் என்ற செயலியிலும் ஆண்ட்ராய்டில் இந்த வசதி வந்திருக்கிறது, ஆனால் அது ஃபோனுக்குள் காத்திருக்கும் ரகம்.

ஷார்ஜா அப்பாவுக்கு நான் மாதக் கடைசியில் மதிப்பெண் பட்டியல் அனுப்புவது ஜிமெயிலில். அனுப்பும் பொத்தானை ஒட்டிய சின்ன முக்கோணத்தைத் தட்டினால் நேரம் வைக்கலாம். 2019 ஏப்ரலில் வந்தது. அவர் ஊர் ஒன்றரை மணி நேரம் பின்னால். நம் பத்தரைக்கு வைத்தால் அவர் ஆபீஸில் ஒன்பதுக்கு உட்காரும்போது மேலே கிடக்கும். கணினியை மூடிவிட்டாலும் போகும். மற்ற பெற்றோருக்கு மெயில் அனுப்பினால் அதைப் பார்த்தீர்களா என்று கேட்க வாட்ஸ்அப் அனுப்ப வேண்டியிருக்கும்.

சரி, வாட்ஸ்அப்?

எல்லோரும் இருப்பது இங்கேதான். நேரம் வைத்து அனுப்ப வசதி இல்லாததும் இங்கேதான். நான் இதை எழுதும்போது என் வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. அதனால் குறுக்கு வழிகள் முளைத்திருக்கின்றன, அவற்றில்தான் ஜனங்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் குறுக்கு வழி, ஆண்ட்ராய்டில் "ஆக்ஸஸிபிலிட்டி" அனுமதி கேட்டு வேலை செய்யும் செயலிகள். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டவும், கை நடுங்குகிறவர்களுக்குப் பதில் பொத்தானை அழுத்தவும் வந்த வசதி அது. இந்தச் செயலி அதைப் பிடித்துக்கொண்டு, நேரம் வந்ததும் வாட்ஸ்அப்பைத் திறந்து, ஒட்டி, அனுப்பும் குறியைத் தானே அழுத்துகிறது. பேய் விரல் மாதிரி. இதற்குத் திரை பூட்டியிருக்கக் கூடாது, ஆகவே பின் எண்ணை எடுத்துவிடு என்று சொல்லும். அந்த அனுமதி கொடுத்த செயலி உங்கள் திரையில் ஓடும் எதையும் வாசிக்க முடியும்: வங்கிச் செயலி, வரும் ஓடிபி, எல்லாம். காலை வணக்கம் அனுப்புவதற்காக வீட்டுச் சாவியைக் கொடுக்கிற மாதிரி. நான் ஒரு பழைய ஃபோனில், வங்கிக் கணக்கு எதுவும் இல்லாததில், ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஆறு நாள் சரியாகப் போயிற்று. ஏழாம் நாள், நேரம் வந்தபோது பையன் அந்த ஃபோனில் விளையாடிக்கொண்டிருந்தான். செய்தி அரைகுறையாக நின்றது, அவன் ஆட்டமும் போயிற்று. இருவரும் கோபப்பட்டோம்.

இரண்டாவது, ஜிபி வாட்ஸ்அப் மாதிரி மாற்றி அமைத்த பதிப்புகள். ஷெட்யூல் வசதியும் உண்டு, இன்னும் என்னென்னவோ உண்டு. அதிகாரப்பூர்வமில்லாத செயலியில் நுழைகிற எண்களை வாட்ஸ்அப் தடை செய்கிறது. டியூஷன் எண்ணே போய்விட்டால் 23 வீட்டுக்கும் புது எண் சொல்லி முடிப்பதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, கணினியில் குரோமில் சேர்க்கும் நீட்டிப்புகள், வாட்ஸ்அப் வெப் மேல் உட்கார்ந்து அனுப்புபவை. கணினி விழித்திருக்க வேண்டும், அந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும். காலை ஆறு மணிச் செய்திக்காக ராத்திரி முழுக்க லேப்டாப்பை ஓடவிடுவதா? நீட்டிப்பை எழுதியவருக்கு உங்கள் உரையாடல்கள் தெரியவும் வாய்ப்பு உண்டு.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் "அவே மெசேஜ்" என்று ஒன்றுக்கு நேரம் குறிக்க முடியும். அதைப் பார்த்துவிட்டு "அதுல இருக்கே" என்பார்கள். அது பதில் மட்டும்தான். யாராவது உங்களுக்கு அனுப்பினால், "நான் இப்போது வகுப்பில் இருக்கிறேன்" என்று திருப்பிச் சொல்லும். தானாகப் போய் யாரிடமும் பேசாது. ஆனால் பாதிப் பிரச்சினையை அதுவே தீர்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். ராத்திரி பத்துக்கு மேல் "மிஸ், நாளைக்கு கிளாஸ் உண்டா?" என்று வரும் கேள்விக்கு இப்போது அதுவே "காலை ஆறரைக்குப் பதில் சொல்கிறேன்" என்கிறது. எனக்குத் தூக்கம் திரும்பக் கிடைத்தது.

வாட்ஸ்அப் குழுவில் "ஈவன்ட்" போடலாம் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. ஞாயிறு மாலை நாலு மணி, மாதிரித் தேர்வு என்று வைத்தால், வருகிறேன் என்று தட்டியவர்களுக்கு நேரம் நெருங்கும்போது அதுவே ஞாபகப்படுத்தும். ஃபீஸ் கேட்க இது உதவாது. வகுப்புக்கு, கூட்டத்துக்கு, கல்யாணத்துக்கு நன்றாக உதவும்.

மிச்சத்துக்கு நான் செய்வது பழைய வித்தை. எனக்கு நானே அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் சாளரத்தில் ராத்திரியே எழுதி வைத்துவிடுவேன். காலை 6.40க்கு ஒரு அலாரம், அதன் பெயர் "ஃபார்வர்ட்". அலாரம் அடித்ததும் எடுத்து அனுப்ப இருபது விநாடி. தானியங்கி இல்லைதான். ஆனால் எந்த அனுமதியும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், அனுப்பும் முன் ஒருமுறை கண்ணால் பார்த்தும் விடுகிறேன். அந்த ஒருமுறை பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது ஒரு நவம்பரில்.

வடகிழக்குப் பருவமழை நேரம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு விடிகாலைச் சிறப்பு வகுப்பு வைத்திருந்தேன். இரவே அவர்கள் வீடுகளுக்கு எஸ்எம்எஸ் எழுதி, காலை 5.45க்குப் போகும்படி வைத்துவிட்டுப் படுத்தேன்: "இன்று 6.30 வகுப்பு உண்டு. தவறாமல் வரவும்." ராத்திரி முழுக்க மழை கொட்டியிருக்கிறது. கலெக்டர் விடுமுறை விட்டுவிட்டார், டிவியில் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் தூக்கம். என் ஃபோன் மட்டும் கடமை தவறாமல் ஆறு வீட்டுக்கும் "தவறாமல் வரவும்" என்று சொல்லியிருக்கிறது. ஆறேகாலுக்கு ஒரு அம்மாவிடமிருந்து ஃபோன்: "மிஸ், டிவில லீவுன்னு ஓடுது. நீங்க தவறாம வரச் சொல்லியிருக்கீங்களே, அனுப்பவா?" நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்டுக்கு வெளியே மூன்று குடைகள். ஒருத்தி முழங்கால் வரை நனைந்து, நோட்டை மட்டும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பிடித்திருந்தாள். துண்டு கொடுத்து, டீ போட்டுக் கொடுத்து, வந்ததற்கு இரண்டு கணக்கும் போட வைத்துத்தான் அனுப்பினேன்.

அதிலிருந்து ஒரு வழக்கம். மாறாத விஷயத்துக்கு மட்டும் நேரம் வைப்பேன்: பிறந்தநாள், ஃபீஸ் தேதி, பாடத்திட்டம். மழை, உடம்பு, கரண்ட், கலெக்டர் இவற்றில் ஒன்று கை வைக்கக்கூடிய எதையும் எழுதி மட்டும் வைப்பேன், அனுப்புவது விடிந்த பிறகு. ஃபீஸ் செய்தியிலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். இரவு எழுதி வைத்த பிறகு அவர்கள் விடியற்காலையில் பணம் போட்டுவிடுகிறார்கள். எட்டு மணிக்கு நம் செய்தி போய் நின்றால் சங்கடம். அதனால் அதைக் காலை பத்துக்கு வைப்பேன், எட்டுக்குள் கணக்கைப் பார்த்துவிடுவேன், வந்திருந்தால் கடிகாரத்தைத் தட்டி அழித்துவிடுவேன்.

இருநூறு முந்நூறு பேருக்கு அனுப்ப வேண்டியவர்கள், பள்ளி, கிளினிக், சீட்டுக் கம்பெனி நடத்துகிறவர்கள், சொந்த சிம்மில் இதைச் செய்யக் கூடாது. ஒரே வாசகம் பத்து இலக்க எண்ணிலிருந்து நூறு பேருக்குப் போனால் ஸ்பாம் என்று புகார் வரும், எண் முடங்கவும் கூடும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களைப் பதிவு செய்யும் டிஎல்டி தளத்தில் நிறுவனத்தைப் பதிந்து, அனுப்புநர் பெயரையும் வாசகத்தின் மாதிரியையும் ஒப்புதல் வாங்கி, மொத்த எஸ்எம்எஸ் சேவை மூலம்தான் அனுப்ப வேண்டும். அங்கே நேரம் வைப்பது கணினித் திரையில் ஒரு கட்டம் நிரப்புகிற வேலை. செய்தி அவர்கள் சர்வரில் காத்திருக்கும். 23 பிள்ளைகளுக்கு அத்தனை தூரம் போவது எலியைப் பிடிக்க யானையை வாடகைக்கு எடுப்பது.

பண்டிகை வாழ்த்துக்கு இதையெல்லாம் பயன்படுத்துகிறவர்கள் நிறைய. ஒரு காலத்தில் தீபாவளி, புத்தாண்டு அன்று இலவச எஸ்எம்எஸ் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் காசு பிடிப்பார்கள்; "பிளாக்அவுட் டே" என்று பெயர். முந்தின நாளே எல்லோரும் வாழ்த்தை அனுப்பித் தீர்த்தோம். அப்போது இந்தக் கடிகாரம் இருந்திருந்தாலும் யாரும் தொட்டிருக்க மாட்டோம்.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் உங்கள் வீட்டு எண் ஒன்றுக்கு வைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் தள்ளி வையுங்கள், திரையை அணையுங்கள், ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் அது விழித்தேதான் இருக்கும், சோதனை ஆகாது. ஒரு ராத்திரி முழுக்க வைத்தும் பாருங்கள். நான் மன்னார்குடியில் இருக்கும் அப்பாவின் பட்டன் ஃபோனுக்குக் காலை 5.30க்குப் போகும்படி "டெஸ்ட்" என்று ஒரே ஒரு சொல் வைத்திருந்தேன். 5.32க்கு அவரிடமிருந்து கால் வந்தது. "என்னம்மா, இன்னிக்குப் புள்ளைங்களுக்கு டெஸ்டா? அதை ஏன் எனக்கு அனுப்புற?"